மேட்டில் இன்னும் ஒரு பொறி

அத்தியாயம் 9

எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று பார்க்க, புருல் மாவில் ஒரு துளி கிள்ளிச் சட்டியில் போட்டாள். சுர்ரென்று பொரிந்து மேலே வந்தது.

செத்தவர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேராது, எண்ணெயில் பொரிகிற போர்சோக் உருண்டைகளின் வாசனைதான் போய்ச் சேரும் என்பார்கள் அவள் ஊரான கோக்-ஜாரில். போன வாரங்களில் வியாழன்தோறும் ஒரு கைப்பிடி பொரித்தாள். இன்று ஊருக்கே பொரிக்க வேண்டும். புருஷன் ஜெக்ஷென் செத்து நாற்பதாம் நாள்.

இந்த நாற்பது நாளும் அவள் வாசலைத் தாண்டவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் தாண்டக் கூடாது. ஜன்னல் வழியாக மேட்டைப் பார்ப்பதோடு சரி.

ஊருக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். மார்ச் கடைசியில் ஒரு பனிச்சிறுத்தை பட்டிக்குள் குதித்துப் பதினோரு ஆடுகளைக் கடித்துப் போட்டது. ஆத்திரம் தாங்காமல் ஜெக்ஷென் தன் அண்ணன் துர்குன்பாயிடம் இரண்டு இரும்புப் பொறிகளை வாங்கிக்கொண்டு போய் மேட்டில் வைத்தான். ஆறாம் நாள் விடிகாலையில் பொறியைப் பார்க்கப் போனவன், சிவப்புப் பாறையின் விளிம்பில் பனி உடைந்து பள்ளத்தில் விழுந்தான். கிடைத்த உடம்போடு ஒரு பையும், பையில் ஒரு பொறியும் இருந்தன. இடம் மாற்றி வைக்க எடுத்திருப்பான் என்று பேசிக்கொண்டார்கள்.

ஆனால் அவன் பொறியைப் பார்க்கப் போகவில்லை, எடுத்துவிடத்தான் போனான். அது புருலுக்கு மட்டும் தெரியும். இரண்டில் ஒன்றுதான் பையில் இருந்தது. இன்னொன்று மேட்டில், பிளந்த பாறைக்குப் பக்கத்து ஆர்ச்சா மரத்தடியில், வாயைத் திறந்துகொண்டு இருக்க வேண்டும். பனி உருகிவிட்டது. இன்னும் பத்து நாளில் ஊரின் ஆடுகளும் அவற்றுக்குப் பின்னால் பிள்ளைகளும் அந்த வழியாகத்தான் மேய்ச்சலுக்கு ஏறுவார்கள்.

"அம்மா, கருகுது."

மகள் ஐஜார்கின் கரண்டியை வாங்கிக்கொண்டாள். நாரினில் நர்ஸ் படிப்பு இரண்டாம் வருஷம். நேற்றுச் சாயங்காலம்தான் வந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. ஆனால் இன்று காலை முகத்தில் ஏதோ ஒரு வேகம் இருந்தது.

"பெரியப்பா சொன்னாரும்மா. சாப்பாடு முடிஞ்சதும் மேல போறாங்களாம். ஏழு துப்பாக்கி. அந்தச் சனியனை உரிச்சு, தோலை அப்பா குழி மேல போடாம ஓய மாட்டாங்களாம்."

"இன்னைக்கேவா?"

"இன்னைக்கேதான். நானும் போறேன். அப்பாவுக்கு இதையாவது செய்யணும் இல்ல?"

புருல் இன்னொரு கைப்பிடி மாவைக் கிள்ளிப் போட்டாள். சட்டியைப் பார்த்தபடி நின்றாள்.

"ஏம்மா, உனக்கு ஆத்திரமே வரலையா? நாப்பது நாளா பார்க்கறேன், ஃபோன்ல கூட அந்த மிருகத்தை ஒரு வார்த்தை திட்டல நீ."

"மாவை உருட்டு," என்றாள் புருல்.

*

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. பெரிய அறையில் ஆண்கள், அடுப்படியை ஒட்டிய அறையில் பெண்கள். ஊர் மதகுரு மொல்டோ குர்ஆன் ஓதி முடித்தார். எல்லோரும் முகத்தைக் கையால் தடவிக்கொண்டார்கள். இறைச்சித் தட்டுகள் போயின, வெறும் எலும்போடு திரும்பி வந்தன.

பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். புருலும் அவர்களோடு பாடினாள். நல்லவனே, குதிரைக்காரனே, வீட்டுத் தூணே என்றெல்லாம் வரிசையாக வந்தது. எப்படிச் செத்தாய் என்ற இடம் வந்ததும் நாற்பது நாளாக நடப்பதுதான் இன்றும் நடந்தது. அவள் தொண்டை அடைத்துக்கொண்டது, மற்றவர்கள் எடுத்துப் பாடினார்கள்.

அறைக்கு அந்தப் பக்கம் துர்குன்பாயின் குரல் உயர்ந்தது.

"என் தம்பி செய்ய நினைச்சதை நான் முடிக்கறேன். இந்த ரொட்டி மேல சத்தியம். அவன் ரத்தத்துக்குப் பதில் வாங்காம தொப்பியக் கழட்ட மாட்டேன்."

ஆமாம், ஆமாம் என்றார்கள்.

புருல் டீக் கெண்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஆண்கள் அறைக்கு டீ கொண்டுபோவது இளைஞர்களின் வேலை. அவள் போவதைப் பார்த்த பெண்கள் கொஞ்சம் பேச்சை நிறுத்தினார்கள்.

இருபது வருஷத்தில் ஒருநாளும் அவள் கணவனின் அண்ணனை நிமிர்ந்து பார்த்ததில்லை. அவர் பெயரைச் சொன்னதில்லை. இப்போதும் தலை குனிந்தே கம்பளத்தின் ஓரத்தில் மண்டியிட்டாள். கெண்டியைக் கீழே வைத்தாள்.

"அத்தான், ஒரு வார்த்தை சொல்லணும்."

"அப்புறம் சொல்லும்மா."

"அப்புறம் சொன்னா நீங்க மேல போயிருப்பீங்க." மூச்சு வாங்கியது அவளுக்கு. "அவரு சிறுத்தையக் கொல்லப் போகல. பொறிய எடுக்கத்தான் போனாரு. நான்தான் எடுக்கச் சொன்னேன்."

யாரோ கிண்ணத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"எங்கப்பா என்ன வேலை பார்த்தாருன்னு உங்களுக்கெல்லாம் தெரியும். சோவியத் காலத்துல மிருகக்காட்சி சாலைக்குச் சிறுத்தை புடிச்சுக் குடுப்பாரு. எங்க வாசல்ல ஒரு கூண்டு இருக்கும். எட்டு வயசுல நான்தான் அதுக்குக் கறி போடுவேன். பொறியில நசுங்கின காலோட ஒண்ணு ஒன்பது நாள் இருந்துச்சு. தின்னவே இல்ல. காலை நக்கிக்கிட்டே இருந்துச்சு. பத்தாம் நாள் நக்கறதையும் நிறுத்திடுச்சு." அவள் கையைப் பிசைந்தாள். "பொறிய எடுக்கற வரைக்கும் இந்த வீட்ல அடுப்பு மூட்ட மாட்டேன், உங்களோட பேச மாட்டேன்னு சொல்லிட்டேன். மூணு நாள் பேசல. அப்புறம்தான் போனாரு."

"அடேயப்பா!" என்றான் பக்கத்து வீட்டு ஜூமாஷ். "பதினோரு ஆட்டைத் தின்னுட்டு அது வக்கீலும் வச்சிருக்கே!"

ஒருவன் சிரித்தான், பாதியில் நிறுத்திக்கொண்டான்.

துர்குன்பாய் சிரிக்கவில்லை. அவர் முகம் சாம்பலாகியிருந்தது. ஆனால் அவர் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. அந்த நேரத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை.

"நாப்பது நாளா ஏன் வாயத் திறக்கல?" என்றார்.

"சொன்னா என்னை இந்த வீட்ல வச்சிருக்க மாட்டீங்கன்னு பயந்தேன். என் பொண்ணு என் மூஞ்சியப் பார்க்க மாட்டாள்னு பயந்தேன். இன்னொரு பொறி மேல இருக்கு அத்தான். அதுக்கு ஆடு எது, சிறுத்தை எது, நம்ம புள்ளைங்க எதுன்னு தெரியாது. துப்பாக்கியெல்லாம் வேண்டாம். அதை மட்டும் எடுத்துட்டு வந்துடலாம்."

பேசி முடித்த பிறகுதான் வாசற்படியைப் பார்த்தாள். ஐஜார்கின் போர்சோக் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது.

மகள் தட்டை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"செத்ததுக்கு முந்தின நாள் அப்பா எனக்கு ஃபோன் பண்ணாரு," என்றாள். குரல் தணிந்தே இருந்தது, ஆனால் அறை முழுக்கக் கேட்டது. "'உங்கம்மா மூணு நாளா என்னோட பேசல, நாளைக்குப் பேசிடுவா பாரு'ன்னு சிரிச்சாரு. பேசினியாம்மா? போறதுக்கு முன்னாடி பேசினியா?"

புருல் பொய் சொல்லியிருக்கலாம். அந்த விடியற்காலையைப் பார்த்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவன் இல்லை.

"கதவுகிட்ட நின்னு, 'எடுத்துட்டு வந்துடறேன், வந்ததும் ஒரு டீ குடு'ன்னாரு. நான் முழிச்சுத்தான் இருந்தேன். வரட்டும், வந்ததும் பேசிக்கலாம்னு திரும்பிப் படுத்துக்கிட்டேன்."

ஐஜார்கின் வெளியே போய்விட்டாள்.

*

ஏழு துப்பாக்கிகளும் போகவில்லை. ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, வேலை இருக்கிறது என்று கலைந்தார்கள். துர்குன்பாய் மட்டும் இரண்டு குதிரைகளுக்குச் சேணம் கட்டினார். தன் துப்பாக்கியை மாட்டிக்கொண்டார். புருலைப் பார்க்காமல், "ஏறு" என்றார்.

கோழிக் கொட்டகையைத் தாண்டும்போது பின்னால் இன்னொரு குதிரையின் குளம்புச் சத்தம் கேட்டது. ஐஜார்கின்தான். பக்கத்தில் வரவில்லை, திரும்பிப் போகவும் இல்லை. நூறு அடி பின்னாலேயே வந்தாள்.

ஒன்றரை மணி நேரம் ஏறினார்கள். ஓடையில் உருகிய தண்ணீர் கல்லை உருட்டிக்கொண்டு போனது. நாற்பது நாள் வீட்டுக்குள் இருந்த கண்ணுக்கு வெயில் குத்தியது.

சிவப்புப் பாறை வந்ததும் துர்குன்பாய் குதிரையை நிறுத்தினார்.

புருல் இறங்கினாள். இந்த இடத்தை அவள் மனதில் எத்தனையோ முறை பார்த்திருந்தாள். அதில் பள்ளம் அடி தெரியாமல் இருட்டாக இருந்தது. நிஜத்தில் பதினைந்து ஆள் உயரம்தான் இருக்கும். அடியில் பச்சைப் புல் முளைத்து, சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள் பூத்திருந்தன. இவ்வளவுதானா என்று அவளுக்குத் தோன்றியது. இவ்வளவு சின்னப் பள்ளத்திலா போய்விட்டான்?

அவள் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். மதியம் வராத அழுகை இப்போது வந்தது. ஒப்பாரியில் அடைத்துக்கொண்ட அந்த இடத்திலிருந்து தொடங்கி, டீ கேட்டியே, டீ கேட்டியே என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள்.

துர்குன்பாய் கொஞ்சம் தள்ளி நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றினார். மதியம்தான் கழற்ற மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தார்.

"அவன் எங்கிட்டயும் வந்தான்," என்றார்.

புருல் திரும்பினாள்.

"அன்னைக்கு விடியக்காலம். கயிறு வேணும்னு கேட்டான். விளிம்புல பனி மோசமா இருக்கு, இடுப்புல கட்டிக்கிட்டுப் போறேன்னான். எதுக்குடான்னேன். உன் பொறிய எடுத்துட்டு வந்து குடுத்துடறேன் அண்ணேன்னான்." அவர் தொப்பியைக் கையில் கசக்கினார். "பொண்டாட்டி மூணு நாள் மூஞ்சியத் தூக்கினா பொறியத் தூக்கிட்டு வர்றவனுக்குக் கயிறு ஒரு கேடான்னு கேட்டேன். பாவாடைய அவுத்துக் கட்டிக்கிட்டுப் போன்னேன். சிரிச்சான். கேலி பண்ணா அவன் சிரிப்பான்ல, அந்தச் சிரிப்பு. கயிறு இல்லாமலே போயிட்டான்."

"அப்போ உங்களுக்கு..."

"எல்லாம் தெரியும். சிறுத்தை கொன்னுச்சு, சிறுத்தை கொன்னுச்சுன்னு நான் கத்தினது எல்லாம் என் காதுக்குத்தான். கயிறு என் கொட்டகையில இன்னும் ஆணியில தொங்குது. கண்ணால பார்க்க முடியல."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபது வருஷத்தில் முதல் தடவை. யார் யாரை மன்னிப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மன்னிக்க வேண்டியவன் அங்கே இல்லை.

நூறு அடி பின்னால் குதிரையைப் பிடித்தபடி ஐஜார்கின் நின்றாள். காற்று அவள் பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தது. எல்லாம் கேட்டிருக்கும்.

*

பிளந்த பாறையை நெருங்கும் முன்பே துர்குன்பாய் ஒரு தடியை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு அடிக்கும் தரையைக் குத்திப் பார்த்துக்கொண்டு முன்னால் போனார். ஆர்ச்சா மரத்தடியில் ஒன்றும் அகப்படவில்லை.

"இங்கதான்னு சொன்னானா?"

"இங்கதான்."

"பெரியப்பா," என்றாள் ஐஜார்கின் பின்னாலிருந்து. "மேல பாருங்க."

மரத்தின் தாழ்ந்த கிளையில் பொறி தொங்கிக்கொண்டிருந்தது. பற்கள் மூடியிருந்தன. மறுபடி திறந்துகொள்ளாமல் இருக்க, இரண்டு தாடைகளையும் சேர்த்துத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. அது ஜெக்ஷெனின் கழுத்துத் துணி.

இரண்டையும் ஒரே நடையில் தூக்க முடியாத கனம். அதனால் இதை முதலில் மூடிக் கட்டி, யார் காலிலும் படாத உயரத்தில் மாட்டிவிட்டு, மற்றதைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறான். அவன் விழுந்தது போகும்போது இல்லை. வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு வரும் வழியில் விழுந்திருக்கிறான்.

புருல் அந்தத் துணியை அவிழ்க்கப் போனாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது. துர்குன்பாய்தான் அவிழ்த்துக் கொடுத்தார். அவள் அதை முகத்தில் வைத்துக்கொண்டாள். வெயிலும் மழையும் அடித்து அதில் அவன் வாசனை ஏதும் மிச்சமில்லை.

அப்போதுதான் ஐஜார்கின், "அங்க என்ன காக்கா?" என்றாள்.

பாறைக்கு அந்தப் பக்கம், சரிவில், நாலைந்து காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. மூன்று பேரும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

சிறுத்தை பக்கவாட்டில் கிடந்தது. நீள வால் புல்லின் மேல் விரிந்திருந்தது. இன்னொரு ஆர்ச்சா மரத்தின் அடியிலிருந்து ஒரு கம்பிச் சுருக்கு போய் அதன் இடுப்பை இறுக்கியிருந்தது. சுற்றிலும் புல்லே இல்லாமல் மண் கிளறப்பட்டு வட்டமாகக் கிடந்தது. மரப்பட்டை ஆள் இடுப்பு உயரத்துக்கு உரிந்திருந்தது. கம்பியைக் கடித்துக் கடித்து வாயெல்லாம் ரத்தம் உறைந்திருந்தது.

செத்து இரண்டு நாள் இருக்கும்.

ஐஜார்கின் மண்டியிட்டாள். துப்பாக்கியோடு வந்து உரிக்கப்போகிறேன் என்று காலையில் சொன்ன மிருகம் இதுதான். கையை அதன் வயிற்றில் வைத்தாள். இரண்டு மூன்று இடத்தில் அழுத்திப் பார்த்தாள், ஆஸ்பத்திரியில் பழகிய கை.

"குட்டி இருக்கு," என்றாள் பெரியப்பாவைப் பார்த்து. "ரெண்டு. இன்னும் ஒரு பத்துப் பதினஞ்சு நாள்ல போட்டிருக்கும்."

புருல் அந்தக் கம்பியைப் பார்த்தாள். கணவன் இதற்காகத்தான் விடிகாலையில் எழுந்து போனான். அவன் எடுத்த பொறிகளில் இது மாட்டவில்லை. அவன் செத்துப்போய், வீடு துக்கத்தில் கதவைச் சாத்தியிருந்த நாட்களில், வேறொருவன் சாவகாசமாக ஏறி வந்து கம்பி கட்டியிருக்கிறான். ஜெக்ஷென் போனதற்குக் கிடைத்த ஒன்றே ஒன்றும் இந்த மண் வட்டத்துக்குள் செத்துக் கிடந்தது.

"என்னங்க," என்றாள் யாரிடமோ. "இதையும் காப்பாத்த முடியலீங்க."

துர்குன்பாய் கத்தியை உருவினார். புருல் சட்டென்று குறுக்கே வந்தாள்.

"தோலைத் தொடாதீங்க அத்தான்."

"தோலுக்கு இல்லம்மா. கம்பிய அறுக்கத்தான்."

கத்தியால் அறுபடவில்லை. குதிரைச் சேணத்திலிருந்து குறடு எடுத்து வந்து வெட்டினார். பிறகு மூன்று பேரும் கல் பொறுக்கினார்கள். பாறை இடுக்கில் சிறுத்தையை வைத்து, காக்கையும் நரியும் மனிதனும் எடுக்க முடியாதபடி கல்லை அடுக்கினார்கள். ஒரு பெரிய கல்லைப் புருல் தனியாகத் தூக்க முடியாமல் தடுமாறியபோது, மறுமுனையை ஐஜார்கின் பிடித்தாள். வைத்ததும் விலகிப் போய்விட்டாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

முடிந்தபோது சூரியன் மேற்கு முகட்டைத் தொட்டிருந்தது.

"போன மாசம் நுர்ஜமால்னு ஒரு டவுன்காரப் பொண்ணு வந்துச்சே," என்றாள் புருல். "பட்டிக்கு மேல கம்பி வலை போட்டுத் தரேன், சிறுத்தை உள்ள குதிக்காது, பதிலுக்கு ஊர்ல அஞ்சு பேரு மலையச் சுத்தி வந்து பொறியும் கண்ணியும் இல்லாம பார்த்துக்கணும்னு."

"சிரிச்சு அனுப்பினோம்," என்றார் துர்குன்பாய். "நான்தான் முதல்ல சிரிச்சேன்."

"என் பேரை எழுதச் சொல்லுங்க."

"பொம்பளை மலை சுத்தறதா? ஊரு என்ன பேசும் தெரியுமா?"

"இன்னைக்கு மத்தியானத்துல இருந்து ஊரு என்னைப் பத்திப் பேசாம வேற என்ன பேசிக்கிட்டு இருக்கும் அத்தான்? இதையும் சேர்த்துப் பேசட்டும்."

அவர் வெட்டிய கம்பியின் முனையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தைச் சுற்றிக் கட்டிய முடிச்சு அதில் அப்படியே இருந்தது. இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, மறுபடி உள்ளே ஒரு சுற்று. முடிச்சைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

புருல் பார்த்துவிட்டாள்.

"யாரோட முடிச்சு அது?"

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"அத்தான்."

துர்குன்பாய் குதிரையின் கழுத்தைத் தடவினார். வெகுநேரம் தடவினார்.

"இந்த முடிச்சு போடறவன் இந்தப் பள்ளத்தாக்குல ஒருத்தன்தான்," என்றார். "இன்னைக்கு நம்ம வீட்ல உக்காந்து, என் தம்பிக்காகக் கையேந்தி ஓதிட்டு, சாப்பிட்டுட்டுப் போனான்."

புருல் பெயரைக் கேட்பதற்குள் சேணத்தில் ஏறி முன்னால் போய்விட்டார்.

புருல் கணவனின் துணியைத் தலையில் கட்டிக்கொண்டாள். சரிவு முழுக்க ஆர்ச்சா மரங்கள் நின்றன. நூறோ இருநூறோ. எந்த மரத்தடியில் எத்தனை கம்பி இருக்கிறதோ.

"நாளைக்குக் காலைல மறுபடி வருவேன்," என்றாள் பொதுவாக. "ஒவ்வொரு மரமா பார்க்கணும்."

பின்னால் ஐஜார்கின் கடிவாளத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். இரண்டு நாளில் அவள் நாரினுக்குத் திரும்ப வேண்டும்.

"உன்னோட நான் இன்னும் பேசல," என்றாள், குதிரையைப் பார்த்தபடி. "நாளைக்கு நீ எத்தனை மணிக்குக் கிளம்பறேன்னு மட்டும் சொல்லு."